அலைக்கு எந்த ஷட்டர் வேகம்?

கேள்வி: மாலை நேரங்களில் முட்டம் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுப்பது வழக்கம். கையில் இருப்பது கேனான் 200டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். பாறையில் அலை மோதித் தெறிப்பதை எடுத்தால் துளிகள் தெளிவாக விழுவதில்லை. காலண்டர் படங்களில் பார்ப்பதைப் போல மென்மையாகவும் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே கலங்கலாக நிற்கிறது. நுரை இருக்கும் இடம் வெளுத்துப்போய் விவரமே இல்லை. இதே முட்டத்து அலை பாரதிராஜா படங்களில் எவ்வளவு அழகாக இருக்கிறது! நண்பர்களைக் கேட்டால் ஒருவர் 1/125 என்கிறார், இன்னொருவர் 1/500 என்கிறார், மூன்றாமவர் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார். கடல் அலைக்குச் சரியான ஷட்டர் வேகம்தான் என்ன? ஃபில்டர் வாங்கியே ஆக வேண்டுமா? உப்புக் காற்றில் கேமரா கெட்டுவிடுமா? நான் எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்.
— ஓர் ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: உங்கள் நான்கு படங்களையும் கணினியில் திறந்து, அவற்றோடு பதிவாகியிருக்கும் விவரங்களைப் பார்த்தேன். நான்குமே ஆட்டோ மோடில் எடுத்தவை. ஷட்டர் வேகம் 1/60-க்கும் 1/100-க்கும் இடையில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. ஆட்டோ மோடுக்கு எதிரே இருப்பது அலையா, ஆலமரமா என்று தெரியாது. கை நடுக்கம் படத்தில் தெரியாத அளவுக்கு ஒரு வேகத்தை வைத்து நிறுத்திக்கொள்ளும். அசையாத பாறைக்கு அது போதும், உங்கள் படத்திலும் பாறை நன்றாகவே விழுந்திருக்கிறது. தண்ணீர்தான் கலங்கிவிட்டது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாறையில் மோதி 5 மீட்டர் உயரம் எழும் துளி, கிளம்பும்போது விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், ஊருக்குள் ஓடும் பைக்கின் வேகம். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அந்தத் துளி 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நீங்கள் 20 மீட்டர் தள்ளி நின்று 55 மி.மீ.யில் எடுத்தால், உங்கள் கேமராவின் 6000 பிக்ஸல் அகலத்தில் அது ஏறக்குறைய 150 பிக்ஸல் இழுப்பு. படத்தை 12 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போட்டால் ஒவ்வொரு துளியும் ஏழெட்டு மில்லிமீட்டர் கோடாகத் தெரியும். கோடு என்று ரசிக்க அது நீளம் போதாது, துளி என்று பார்க்கக் கூர்மையும் போதாது. அதே இடத்தில் 1/1000 வைத்தால் துளி நகர்வது 1 சென்டிமீட்டர். பிரிண்டில் அரை மில்லிமீட்டர்கூட வராது. கண் அதைத் துளி என்றே எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சினிமாவில் எப்படி என்று கேட்கிறீர்கள். சினிமா கேமரா விநாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கிறது. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 விநாடி ஒளி வாங்கும். முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் அலை வரும் ஓர் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்த ஒற்றை ஃபிரேமும் உங்கள் படத்தைப் போலக் கலங்கியே இருக்கும். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஓடும்போது அந்தக் கலங்கலே அசைவைச் சீராகக் காட்டுகிறது. புகைப்படத்துக்கு அடுத்த ஃபிரேம் கிடையாது. சினிமாவுக்குச் சரியான வேகம் நமக்குச் சரிவராததன் காரணம் இதுதான்.

நண்பர்கள் ஆளுக்கொரு எண் சொன்னதில் வியப்பில்லை. அலைக்கு ஒரே எண் இல்லை. பாறையில் மோதும் அலை, மடிந்து உருண்டு வரும் அலை, கரையைத் தொட்டுத் திரும்பும் அலை மூன்றும் மூன்று விதமான அசைவு. இவற்றில் எதை எடுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண் அதிலிருந்து வரும்.

மோதும் அலை

இதற்கு 1/1000 முதல் 1/2000 வரை. கேமராவின் மேல் உள்ள சக்கரத்தை டிவி என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். அது ஷட்டர் முன்னுரிமை மோடு. வேகத்தை நீங்கள் வைத்தால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, அதன் உச்ச வரம்பு 3200 என்று மெனுவில் வையுங்கள். ஐஎஸ்ஓவை 100-லேயே கட்டிவைத்துவிட்டு 1/1000 கேட்டால், வெயில் இறங்கிய நேரத்தில் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தும் ஒளி போதாமல் படம் இருண்டுவிடும். ஐஎஸ்ஓ கூடிப் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை. புள்ளியைக் கணினியில் குறைக்கலாம், இழுப்பை எடுக்க முடியாது.

ஷட்டரைத் தட்டும் நேரமும் முக்கியம். 5 மீட்டர் எழும் தெறிப்பு உச்சியைத் தொட ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. மேலே போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்கும். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு விநாடிக்குள் உச்சித் துளிகளின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டாது. அப்போது 1/250 வைத்திருந்தால்கூட அந்தத் துளிகள் கூர்மையாக விழும். தெறிப்பு விரிந்து முழு வடிவம் எடுப்பதும் அந்த நேரத்தில்தான். தொடர்ந்து எடுக்கும் மோடில் உங்கள் கேமரா விநாடிக்கு 5 படம் எடுக்கும். அலை பாறையில் இடித்ததும் விரலை அழுத்தி, தெறிப்பு கீழே விழத் தொடங்கும்வரை விடாதீர்கள். ஐந்தாறு படத்தில் ஒன்று உச்சியில் கிடைக்கும், மற்றவற்றை அழித்துவிடலாம்.

ஃபோகஸை அலைமேல் வைக்க முயலாதீர்கள். தெறிப்பு எழும்போது எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும், அதற்குள் அலை முடிந்துவிடும். அலை மோதும் பாறையின் விளிம்பில் ஃபோகஸ் பிடித்துக்கொண்டு, லென்ஸில் உள்ள பொத்தானை எம்எஃப் பக்கம் தள்ளிவிடுங்கள். நீங்கள் நகராத வரை ஃபோகஸும் நகராது.

உருளும் அலை

கரையை நெருங்கும் அலையின் வேகம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் நகரும். தெறிப்பை விட மெதுவாகப் போவதால், கரையில் நின்று எடுக்க 1/500 போதும். மடிந்து விழும் விளிம்பு மட்டும் வேகமாக இருக்கும். அதை நெருக்கமாக எடுப்பதானால் 1/1000.

1/60 போன்ற நடு வேகங்களே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவற்றுக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு. 1/15 அல்லது 1/30 வைத்து, அலை நீளும் திசையிலேயே கேமராவை இடமிருந்து வலமாகச் சீராக ஓட்டிக்கொண்டே எடுத்துப் பாருங்கள். கடல் கிடைமட்டக் கோடுகளாக இழுபட்டு, வண்ணம் மட்டும் மிஞ்சும். ஓடும் வண்டியை எடுக்கும் அதே முறைதான். பத்து எடுத்தால் ஒன்று தேறும், அந்த ஒன்று நன்றாக இருக்கும்.

திரும்பும் அலை

உங்கள் கடிதத்தில் மென்மையான படம் என்று சொன்னது இதைத்தான். ஆனால் மென்மையிலும் இரண்டு வகை உண்டு. கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை ஷட்டர் திறந்திருந்தால், பின்வாங்கும் நுரை ஒவ்வொரு கல்லையும் சுற்றி நூல்நூலாகக் கோடு போடும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது படத்தில் தெரியும். 20, 30 விநாடி திறந்திருந்தால் கதை வேறு. அலைக்கும் அலைக்கும் 10 விநாடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 30 விநாடியில் மூன்று அலை வந்து போயிருக்கும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கடல் மூடுபனியாகிவிடும். அது அமைதியான படம்தான். அலை மட்டும் அதில் இருக்காது. முட்டம் போன்ற முரட்டுக் கரைக்கு என் ஓட்டு அரை விநாடிக்கு.

இதற்கு ட்ரைபாட் கட்டாயம். எம் மோடு, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/11. இங்கே ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கக் கூடாது. எஃப்/22 வரை மூடினால் ஷட்டர் இன்னும் மெதுவாகும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் கேமராவின் சென்ஸார் அளவுக்கு எஃப்/16-ஐத் தாண்டினாலே படம் முழுவதிலும் கூர்மை குறையும், அந்த வழி வேண்டாம். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைஸரை அணைத்துவிட்டு, 2 விநாடி டைமர் வையுங்கள். அலை ஏறி வரும்போது டைமரை அழுத்தினால், அது கரையைத் தொட்டுத் திரும்பும் நேரத்தில் ஷட்டர் திறக்கும். இந்தக் கணக்கு கைக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். மணலில் ட்ரைபாட் காலை நன்றாக அழுத்தி இறக்குங்கள். ஒவ்வோர் அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், அதோடு ட்ரைபாடும் சாயும். கடல்மட்டக் கோடு ஒரு டிகிரி சாய்ந்தாலும் பார்ப்பவர் கண்ணில் முதலில் அதுதான் படும். திரையில் கட்டக்கோடுகளை ஆன் செய்து அவ்வப்போது சரிபாருங்கள்.

ஃபில்டர் வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். முட்டத்தில் சூரியன் கடலில் இறங்குகிறது. அதுவே உங்களுக்கு இலவச ஃபில்டர். எஃப்/11, ஐஎஸ்ஓ 100 வைத்தால், சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது ஷட்டர் 1/30 அளவில் இருக்கும். மறைந்ததும் அரை விநாடிக்கு வரும். இன்னும் கால் மணி, இருபது நிமிடம் போனால் 2 விநாடி. மேகத்தைப் பொறுத்து முன்பின் இருக்கலாம். ஆகவே மாலையை இரண்டாகப் பிரியுங்கள். நான்கரை மணிக்குப் போனால் வெயில் இருக்கும்வரை வேகமான ஷட்டரில் தெறிப்பு. அந்த நேரத்தில் சூரியன் அலைக்குப் பின்னால் இருப்பதால் துளிகள் ஒளிரும், கரும்பாறை பின்னணியில் இருந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். சூரியன் மறைந்ததும் ட்ரைபாடை விரித்துத் திரும்பும் அலை. நேரத்தை மாற்றிப்போட்டால் இரண்டும் கெடும். இருட்டியபின் 1/1000 கேட்டால் ஒளி இல்லை, உச்சி வெயிலில் அரை விநாடி கேட்டால் ஒளி தாங்காது.

பகலிலும் மெதுவான ஷட்டர் வேண்டும் என்று தோன்றும் நாளில் என்டி64 ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். இப்போது இருக்கும் ஷட்டர் நேரத்தை 64-ஆல் பெருக்கினால் ஃபில்டர் போட்டபின் வரும் நேரம். நல்ல வெயிலில் எஃப்/11-க்கு 1/200 என்றால், அது ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி ஆகும். என்டி1000 போட்டால் அதே வெயிலில் 5 விநாடி. அது மூடுபனிப் படத்துக்கு உதவும், அலைக் கோட்டுக்கு அதிகம். லென்ஸின் முன்விளிம்பில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியோடு ஓர் எண் இருக்கும். ஃபில்டரை அந்த அளவில் வாங்க வேண்டும். சுழற்றினால் கருமை கூடிக் குறையும் மலிவு விலை ஃபில்டர்கள் 18 மி.மீ.யில் வானத்தின் குறுக்கே கரும்பட்டை விழவைக்கும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கருமையான ஃபில்டர் போட்டபின் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ஆகவே முதலில் ஃபோகஸ், பிறகு ஃபில்டர். ஷட்டர் பல விநாடி திறந்திருக்கும்போது வியூஃபைண்டரை ஒரு கறுப்புத் துணியால் மூடுங்கள், பின்னாலிருந்து ஒளி நுழையாது.

நுரை ஏன் வெளுக்கிறது?

உங்கள் மூன்றாவது படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு கரும்பாறை, கால் பங்கு வெள்ளை நுரை. கேமரா மொத்தத்தையும் சராசரி பார்த்து, இருட்டாக இருக்கிறது என்று முடிவுகட்டி ஒளியைக் கூட்டிவிட்டது. பாறைக்கு நல்லது, நுரைக்குக் கேடு. அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3-ல் வைத்துத் தொடங்குங்கள். ஒரு படம் எடுத்ததும் திரும்பிப் பாருங்கள். இன்ஃபோ பொத்தானை அழுத்தி வரும் திரையில், வெளுத்த இடங்கள் கறுப்பாகக் கண்சிமிட்டும். நுரையின் நடுவில் சிமிட்டினால் இன்னொரு படி குறையுங்கள். ஈரப் பாறையில் சூரியன் பளிச்சிடும் ஒன்றிரண்டு புள்ளிகள் சிமிட்டினால் விட்டுவிடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பெரிய அலை எழும்போது நுரை இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். சின்ன அலையை வைத்துச் சரிபார்த்த அளவு பெரிய அலைக்குச் சரியாக இருக்காது.

படத்தை ரா வடிவத்தில் பதிவு செய்யுங்கள். இருண்ட பாறையைக் கணினியில் கொஞ்சம் தூக்கிவிட ரா இடம் கொடுக்கும். முழுதாக வெளுத்த நுரையை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. வானமும் கடலும் ஒரே படத்தில் ஒத்துவராத சிக்கல் புதிதல்ல. பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே 1857-ல் செத் என்ற ஊரில் எடுத்த ‘பெரிய அலை’ படம் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு கண்ணாடி நெகடிவ்களைக் கடல்மட்டக் கோட்டில் இணைத்து அச்சிட்டது. ட்ரைபாடில் இருக்கும்போது நீங்களும் அதையே செய்யலாம். வானத்துக்கு அளந்து ஒன்று, தண்ணீருக்கு அளந்து ஒன்று எடுத்து, கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.

உப்பும் கேமராவும்

முட்டம் காற்றில் பத்து நிமிடம் நின்றாலே லென்ஸ்மேல் மெல்லிய உப்புப் படலம் ஏறும். படம் மங்கலாக, சூரியனைச் சுற்றி ஒளிவட்டத்தோடு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். லென்ஸ் முன்னால் ஒரு யுவி ஃபில்டர் நிரந்தரமாக இருக்கட்டும். துடைக்க வேண்டியதை அதன்மேல் துடைக்கலாம். வறண்ட துணியால் தேய்க்காதீர்கள், காய்ந்த உப்பு கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணி. கடற்கரையில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கேமரா உடம்பையும் அப்படியே ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். ட்ரைபாட் காலை முழுக்க நீட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். மூட்டுக்குள் மணலும் உப்பும் தங்கினால் அடுத்த மழைக்காலத்துக்குள் இறுகிவிடும். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸில் நீர் பூக்கும். அரை மணி பைக்குள்ளேயே வெளிக்காற்றில் வைத்துவிட்டு எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று

உங்கள் நான்காவது படம் பாறையின் கீழ்விளிம்பில் நின்று எடுத்தது. காலடியில் பாசி தெரிகிறது. பாசி பிடித்த இடம், பாறை ஈரமாக இருக்கும் இடம், இரண்டுக்கும் ஒரே பொருள்: அலை அங்கே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் குமரிக் கடல் முரடாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைவிட ஆபத்து கள்ளக்கடல். தெற்கே வெகு தூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயலால் கிளம்பி, நாட்கணக்கில் பயணம் செய்து வரும் நீண்ட அலை அது. இங்கே காற்றே இருக்காது. கடல் சாதாரணமாகத் தெரியும், திடீரென்று ஏறிவரும். 2024 மே 6 அன்று உங்கள் மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ், அதாவது கடல்சார் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம், இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள், மீனவர்களையும் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் கேமராவை வெளியே எடுக்காமல் கால் மணி நேரம் அலையைக் கவனியுங்கள். மிகப் பெரிய அலை எதுவரை வருகிறது என்று பார்த்து, அதற்கும் மேலே நில்லுங்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். வியூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் வரும் அலை தெரியாது. கூட ஒருவர் இருக்க வேண்டும், அவர் படம் எடுக்கக் கூடாது, கடலை மட்டும் பார்க்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், மோதும் அலைக்கு 1/1000, உருளும் அலைக்கு 1/500, திரும்பும் அலைக்கு அரை விநாடி. உங்கள் கேமராவும் கிட் லென்ஸும் மூன்றுக்கும் போதும். எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் பாறைப் பக்கமே போகாதீர்கள். அன்றைக்குக் கலங்கரை விளக்கப் பக்கம் மேட்டில் நின்றுகொண்டு 55 மி.மீ.யில் எடுங்கள்.